கோட்டுக்கு நேரே கோடு வந்தால் சுவர் விழும்!

குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். வானொலியில் மூன்று மணி நேரம் விடாமல் பேசச் சொன்னால் பேசிவிடுவேன். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து “வரை” என்றால் மட்டும் நாக்கு உலர்ந்துவிடும். பள்ளி நாட்களில் நான் வரைந்த யானையைப் பார்த்து, “அழகான பூசணிக்காய்” என்று பாராட்டியவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட என்னைக் கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் என் மகன் தேக்காவுக்கு இழுத்துப் போனான். தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பு படிக்கிறான். புது வரைபுத்தகம் வாங்கியிருந்தோம். “அம்மா, நீங்களும் வரையணும்” என்பது அவன் போட்ட நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை சாப்பிட்ட பிறகு டன்லப் ஸ்திரீட் பின்சந்துக்குள் நுழைந்தோம். வண்ணவண்ணக் கடைவீடுகளின் முன்பக்கத்தை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பின்பக்கத்தில் கூட்டம் இருக்காது என்பதுதான் காரணம்.

அங்கே ஒரு சுவர். மேல்பூச்சு ஒரு பாய் அளவுக்கு உதிர்ந்து, உள்ளே இருந்த செங்கல் வெளியே தெரிந்தது. “அதையே வரையலாம், அம்மா. ஈஸி. கட்டம் கட்டமாத்தானே இருக்கு” என்றான் மகன்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அளவுகோலை வைத்துக் குறுக்கே பத்துக் கோடு, நெடுக்கே பத்துக் கோடு. ஐந்து நிமிடத்தில் சுவர் தயார். பார்த்தால் கணக்கு நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது. எங்கே தவறு என்று புரியவில்லை.

சற்றுத் தள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர், பேச்சை முடித்துவிட்டு எங்களை எட்டிப் பார்த்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, படிய வாரிய தலை.

“தம்பி, இந்தச் செவுரு நிக்காதே” என்றார்.

“ஏன் அங்கிள்?”

“கோட்டுக்கு நேரே கோடு வந்திருக்கு பாரு. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பிளவு. ஒரு மழைக்குத் தாங்காது. கீழ ரெண்டு கல்லு சேர்ற எடத்துக்கு மேல ஒரு முழுக்கல்லு உக்காரணும். அப்பத்தான் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கும்.”

“அண்ணே, நீங்க கொத்தனாரா?” என்று கேட்டேன்.

“ஊர்ல கொத்தனாரும்மா. புதுக்கோட்டைப் பக்கம். இங்க வந்து கான்கிரீட் வேலைதான். செங்கல்லு தொட்டே பல வருசம் ஆச்சு.”

மகன் பென்சிலை அவரிடம் நீட்டினான். முதலில் தயங்கினார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பென்சிலை வாங்கினார். அளவுகோல் எதுவும் இல்லாமல் மூன்று வரிசை செங்கல் வரைந்தார். கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன. ஆனால் அது கணக்கு நோட்டு இல்லை. அசல் சுவர்.

அன்று அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு ஒரு மாதம் தட்டுத்தடுமாறி நான் கற்றுக்கொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். பென்சிலைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களுக்காகத்தான் இது.

படுக்கைக் கோடு முதலில்

கொத்தனார்கள் செங்கல் வரிசையை ‘வரி’ என்பார்கள். அவர்கள் நூல் பிடித்து, ஒரு வரியை முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போவார்கள். வரைகிறவர்களுக்கும் அதே ஒழுங்குதான். முதலில் படுக்கைக் கோடுகளை மட்டும் மெல்லிசாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 1 சென்டிமீட்டர் இடைவெளி போதும்.

அடுத்து கல்லின் நீளம். பிரிட்டிஷ் முறை அளவில் ஒரு செங்கல் 215 மில்லிமீட்டர் நீளம், 102.5 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் உயரம். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் சாந்து சேர்த்தால் 225-க்கு 75 ஆகிறது. அதாவது சரியாக மூன்றுக்கு ஒன்று. தாளில் வரியின் உயரம் 1 சென்டிமீட்டர் என்றால், கல்லின் நீளம் 3 சென்டிமீட்டர். புதிதாக வரைகிறவர்கள் கல்லைக் குட்டையாக, சதுரம் சதுரமாகப் போட்டுவிடுவார்கள். அப்போது அது குளியலறை ஓடு போலத் தெரியும். மூன்றுக்கு ஒன்று என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் நம் கொத்தனார் சொன்ன விதி. அடுத்த வரியின் செங்குத்துக் கோடு, கீழ்க்கல்லின் நடுவில் விழ வேண்டும். ஒரு வரி முழுக்கல்லில் தொடங்கினால், அடுத்த வரி அரைக்கல்லில் தொடங்கட்டும். மூன்றாவது வரி முதல் வரியைப் போல. இவ்வளவுதான்.

சுவரைப் படித்துப் பாருங்கள்

எல்லாச் சுவரும் ஒரே மாதிரி கட்டப்படுவதில்லை. கல்லின் நீண்ட முகம் மட்டுமே தெரிந்தால் அது பெரும்பாலும் மெல்லிய சுவர். பழைய, தடித்த சுவர்களில் ஒரு வரி முழுவதும் நீண்ட முகம், அடுத்த வரி முழுவதும் குட்டை முகம் என்று மாறிமாறி வரும். இதை ஆங்கிலக் கட்டு என்பார்கள். ஒரே வரியில் நீளம், குட்டை, நீளம், குட்டை என்று வந்தால் அது பிளெமிஷ் கட்டு. குட்டை முகத்தின் அளவு ஒன்றரைக்கு ஒன்று. ஆங்கிலக் கட்டில் மூலையை உற்றுப் பார்த்தால், ஓரக் கல்லுக்கு அடுத்து ஒரு சின்னத் துண்டு இருக்கும். கோடுகள் நேருக்கு நேர் வராமல் தள்ளிப்போவதற்காகவே கொத்தனார் வெட்டி வைத்த துண்டு அது. அதை வரைந்து பாருங்கள். உங்கள் படத்துக்குத் தனி நம்பகத்தன்மை வந்துவிடும்.

குட்டை முகம் தெரிகிறது என்றால் அந்தக் கல் சுவருக்குள் குறுக்கே போயிருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் கடைவீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பக்கச்சுவரைச் செங்கல்லால் கட்டி, அதன்மேல் மர உத்தரங்களைக் கிடத்தினார்கள். உத்தரத்தின் நீளம்தான் வீட்டின் அகலத்தைத் தீர்மானித்தது. அந்தப் பாரத்தை எல்லாம் தாங்குகிற சுவர்தான் வண்ணப்பூச்சுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது.

கோடு அல்ல, சாந்து

இரண்டு கல்லுக்கும் நடுவில் இருப்பது கோடு இல்லை, சாந்து. அதற்கு ஓர் அகலம் உண்டு. அழுத்தமான ஒற்றைக் கோடு போட்டால் சுவர் கம்பிவலை போல ஆகிவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக, சிறு இடைவெளி விட்டு வரையுங்கள். அந்த வெள்ளை இடைவெளியே சாந்து.

பிறகு நிழல். நம் ஊரில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேரே இறங்கும். அதனால் ஒவ்வொரு கல்லின் கீழ் விளிம்பிலும் மெல்லிய நிழல் விழும். கீழ்க்கோட்டைச் சற்று அழுத்தி, மேல்கோட்டை விட்டும் தொட்டும் போட்டால் கல் தாளிலிருந்து எழுந்து நிற்கும். காலை வெயில் பக்கவாட்டில் அடித்தால், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கத்துச் செங்குத்துக் கோட்டையும் அழுத்துங்கள்.

சாந்து என்றதும் நம் வட்டாரத்தின் பழைய பெயர் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிராங்கூன் சாலையின் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை அந்தக் காலத்தில் ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் சுண்ணாம்பு தயாரிக்கும் இடங்கள் இருந்தன. கம்போங் கப்போர் என்ற பெயரில் உள்ள ‘கப்போர்’ என்பதும் மலாயில் சுண்ணாம்புதான். நாம் புடவையும் பூவும் வாங்கப் போகிற தெருக்கள், ஒரு காலத்தில் ஊரின் சுவர்களுக்குச் சுண்ணாம்பு கொடுத்த தெருக்கள்.

எல்லாக் கல்லையும் வரையாதீர்கள்

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீண்ட முகம் தெரியும் சுவரில் 1 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கல். 6 மீட்டர் உயரம், 10 மீட்டர் நீளம் என்றால் 3,600 கல். அத்தனையும் வரைந்தால் பொழுது சாயும், படமும் கெட்டுப்போகும்.

ஓவியர்கள் செய்வது இதுதான். சுவரின் விளிம்பு, சன்னல் ஓரம், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடம், பூச்சு உதிர்ந்த இடத்தின் ஓரம் ஆகியவற்றில் மட்டும் கொத்துக்கொத்தாக ஏழெட்டுக் கற்களைத் தெளிவாக வரைவார்கள். மற்ற இடத்தில் அங்கங்கே ஒரு கீற்று. நடுவே வெறும் தாள். மிச்சத்தைப் பார்ப்பவரின் கண்ணே கட்டி முடித்துவிடும். வானொலியில் எல்லாவற்றையும் நாங்கள் சொல்லிவிடுவதில்லை. மழைச் சத்தத்தைக் கொஞ்சம் போட்டால் நேயர் குடையை விரித்துக்கொள்வார். இதுவும் அப்படித்தான்.

ஆனால் எந்த ஏழெட்டுக் கல்லை வரைவது என்று தேர்ந்தெடுக்க, மொத்தச் சுவரையும் நின்று பார்த்தாக வேண்டும். எனக்கு அதுதான் பெரிய பாடமாக இருந்தது. பத்து ஆண்டுகளாக நடந்து போகிற சந்தில், ஒரு சுவரை முழுசாகப் பத்து நிமிடம் பார்த்ததே இல்லை.

சாய்ந்து போகும் சுவர்

சுவர் நேர் எதிரே இல்லாமல் சந்தின் வழியே விலகிப் போனால்? பயம் வேண்டாம். முதலில் உங்கள் கண்மட்டத்தைக் கண்டுபிடியுங்கள். முக்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். செங்கல் கணக்கில் அது 16 வரி. அந்த வரி மட்டும் எவ்வளவு தூரம் போனாலும் மட்டமாகவே போகும். அதற்கு மேலே உள்ள வரிகள் எல்லாம் தூரம் போகப்போகக் கீழே இறங்கும். கீழே உள்ளவை மேலே ஏறும். எல்லாம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிப் போகும். கற்களும் தூரத்தில் குறுகி, நெருங்கி, கடைசியில் வெறும் நிறமாகிவிடும். பக்கத்தில் உள்ள நாலு கல்லை ஒழுங்காக வரைந்துவிட்டு, தூரத்தில் இருப்பதைக் கோடு கோடாக விட்டுவிடலாம்.

வளைவுச் சன்னல் இருந்தால் இன்னொரு குறிப்பு. வளைவில் உள்ள கற்கள் படுத்திருக்காது; விசிறி மடிப்பு போல நின்றிருக்கும். அவற்றின் கோடுகள் எல்லாம் வளைவின் மையத்தை நோக்கி இருக்க வேண்டும்.

வண்ணம் சேர்க்க நினைப்பவர்கள் செங்கல் என்றதும் சிவப்புப் பென்சிலை எடுக்கிறோம். நிஜச் செங்கல் தக்காளிச் சிவப்பு கிடையாது. களிமண்ணில் உள்ள இரும்பு சூளையில் வெந்து கொடுக்கும் நிறம் அது. தீக்கு அருகில் இருந்த கல் கறுத்திருக்கும். தள்ளி இருந்தது வெளிறியிருக்கும். பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கலந்து முழுவதும் பூசி, காய்ந்த பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்களை மட்டும் மீண்டும் பூசுங்கள். ஒன்றில் மஞ்சள் தொனி, ஒன்றில் லேசான நீலம். போதும்.

சுவருக்குள் நம் ஆட்கள்

ஒவ்வொரு கல்லும் வேறு நிறம் என்று பார்க்கப் பழகிய பிறகு, இவற்றைச் சுட்டது யார் என்ற கேள்வி எனக்குள் வந்தது.

1819 மே மாதம் ராஃபிள்சுடன் ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து வந்து இறங்கினார் நாராயண பிள்ளை. ஊரில் வீடுகள் எழும்புவதைப் பார்த்து, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1827-ல் மரமும் அத்தாப்புக் கூரையுமாக அவர் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் பின்னர் செங்கல் கட்டடமானது. இன்றிருக்கும் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது.

1825 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்த குழுவினர் சென்னை மாகாணத்திலிருந்து தண்டிக்கப்பட்டவர்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். சிராங்கூன் சாலையில் இருந்த அரசாங்கச் செங்கல் களத்தில் கல் அறுத்துச் சுட்டார்கள். அந்தச் செங்கல்லுக்கு 1867-ல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் வாங்கிய கல்லை அறுத்த கைகளுக்குச் சொந்தமான பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. 1861-ல் அங்கே முதல் வழிபாடு நடந்தது. அதன் வெள்ளைப் பூச்சுக்குப் பெயரே ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நம் பாட்டி வீட்டுச் சுவர்களுக்குப் பூசிய அதே கைமுறைதான்.

அந்தச் சுவர் முன்னால் ஒருநாள் வரைபுத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஒரு செங்கல்கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் உள்ளே இருப்பது தெரியும். வெள்ளைத் தாளில் வெள்ளைச் சுவரை வரைவதுதான் எனக்கு ஆகக் கடினமாக இருந்தது.

எங்கே போய் வரையலாம்?

கண்ணுக்குத் தெரியும் செங்கல் வேண்டுமென்றால் ஹில் ஸ்திரீட்டில் உள்ள மத்தியத் தீயணைப்பு நிலையம் நல்ல தொடக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. சிவப்புச் செங்கல் ஒரு பட்டை, வெள்ளைப் பூச்சு ஒரு பட்டை என்று மாறிமாறி வரும். பட்டைகளை முதலில் பிரித்துக்கொண்டால் உள்ளே கற்களை நிரப்புவது எளிது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்கு அருகில் இரண்டு செங்கல் தூண்களைப் பார்க்கலாம். 1960-ல் திறக்கப்பட்ட ஸ்டாம்ஃபோர்ட் சாலை தேசிய நூலகத்தின் நுழைவாயில் தூண்கள். சுரங்கப்பாதைக்காக நூலகம் 2004-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. வாசகர்களில் சிலர் அந்தப் படிக்கட்டில் யாருக்காகவோ காத்திருந்திருப்பீர்கள். மிஞ்சியிருப்பது இரண்டு தூண். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குச் சரியான அளவு!

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ் சிங்கப்பூர்’ என்ற குழு 2009 முதல் இயங்குகிறது. மாதந்தோறும் ஏதாவது ஓர் இடத்தில் கூடி வரைகிறார்கள். 2015-ல் இந்த இயக்கத்தின் அனைத்துலக மாநாடே இங்கு நடந்தது. திறமை பார்த்துச் சேர்ப்பதில்லை. ஒரு 2பி பென்சில், ஓர் அழிப்பான், ஒரு சின்ன வரைபுத்தகம் போதும். பிராஸ் பசா காம்பிளெக்ஸில் எல்லாம் கிடைக்கும். அளவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையால் அறுத்த கல்லுக்குக் கை நடுக்கமுள்ள கோடுதான் பொருத்தம்.

மீண்டும் அந்தச் சந்து

அன்று கொத்தனார் கிளம்பும் முன் படத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “எம் பொண்ணு எட்டாவது படிக்குது. நல்லா வரையும். அப்பா என்ன வேலை பாக்குறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். கான்கிரீட்டை எப்படிப் படம் எடுத்துக் காட்டுறது? இதை அனுப்புறேன்” என்றார். உடனே அனுப்பவும் செய்தார். பதில் வருவதற்குள் லாரி வரும் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. தினமும் முன்பின் தெரியாதவர்களிடம் “உங்கள் பெயர் சொல்லுங்கள், நேயரே” என்று கேட்கிற எனக்கு!

ஆறு வாரம் கழித்து அதே ஞாயிற்றுக்கிழமை நேரத்தில் மகனோடு திரும்பிப் போனேன். இந்த முறை ஒழுங்காக வரைய வேண்டும் என்று நினைப்பு. சந்தும் இருந்தது, படிக்கட்டும் இருந்தது. சுவரைத்தான் காணவில்லை. உதிர்ந்த இடத்தைப் பூசி, புதினாப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. எங்கே பூச்சு விழுந்திருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மகன் வரைபுத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினான். என்னுடைய கணக்கு நோட்டுச் சுவர். அதன் கீழே அவர் வரைந்த மூன்று வரி. பச்சைச் சுவருக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இங்கதாம்மா இருந்துச்சு” என்றான்.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் விட்ட இடத்திலிருந்து நாலாவது வரியை அவன் தொடங்கினான், அரைக்கல்லில்.